ஹெச்.டி. காயில் சந்தேகங்கள்: கேள்வி பதில்

பிளக்கில் பொறி பறக்க உயர் வோல்டேஜ் தருவது ஹெச்.டி. (ஹை டென்ஷன்) காயில், அதாவது இக்னிஷன் காயில். பைக், கார் இக்னிஷன் காயில் பற்றி வந்த கேள்விகளில் சில.

அண்ணா, என் கார்புரேட்டர் பைக் காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது. கொஞ்ச தூரம் ஓடிச் சூடானதும் நின்றுவிடுகிறது. ஆறிய பிறகுதான் கிளம்புகிறது. மீட்டரில் காயில் ஓம்ஸ் சரியாகவே காட்டுகிறது. (சேலம்)

ஓம்ஸ் சரியாக இருந்தால் காயில் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள் தம்பி. மீட்டர் காயிலுக்குக் கொடுப்பது ஒன்றிரண்டு வோல்ட்தான். ஓட்டத்தில் செகண்டரியில் (பிளக்குக்கு வோல்டேஜ் தரும் சுருளில்) எழுவது பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல். இன்சுலேஷன் பழுதான இடத்தில் அந்த வோல்டேஜில்தான் கரண்ட் தாவும். பல்லாயிரம் சுற்றில் சில சுற்று ஷார்ட் ஆனாலும் ரீடிங் பெரிதாக அசையாது, ஆனால் ஸ்பார்க் நலிந்துவிடும்.

அதனால் வண்டி நின்ற இடத்திலேயே, சூடு ஆறுவதற்குள் பாருங்கள். ஸ்பார்க் டெஸ்டரை 6 மி.மீ. இடைவெளிக்கு வைத்து, இன்ஜின் பாடியில் நன்றாக எர்த் கொடுத்து உதையுங்கள். நீலமாகப் பட் பட்டென்று விழுந்தால் காயிலை விடுங்கள். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்தாலும் வண்டி இப்படித்தான் நிற்கும். ஸ்பார்க் இல்லை, அல்லது நூல் மாதிரி மெலிந்து வருகிறது என்றால் வேறு நல்ல காயிலை மாட்டிப் பாருங்கள். அதிலும் வரவில்லையா? பிக்கப் காயிலும் (பொறி விழ வேண்டிய நேரத்தைச் சொல்லும் சென்சார்) சி.டி.ஐ.யும் (காயிலை இயக்கும் எலக்ட்ரானிக் பெட்டி) இதேபோல் சூட்டில் படுக்கும். வீட்டில் சோதிக்க, காயிலை ஹேர் டிரையரால் சுடவைத்துப் பார்க்கலாம்.

சார், பாயிண்ட் (காயில் கரண்டைத் துண்டித்து இணைக்கும் முனை) வைத்த பழைய கார். காயில் மாற்றியும் ஸ்பார்க் வீக். பிரைமரி (காயிலில் கரண்ட் நுழையும் சுருள்) எத்தனை ஓம் காட்ட வேண்டும்? (காரைக்குடி)

12 வோல்ட் காயிலில் 3 ஓம் பக்கம், பேலாஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் பாகம்) உள்ள வண்டியில் 1.5 பக்கம். முதலில் மீட்டர் ஒயர் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டு, வருகிற எண்ணைக் கழியுங்கள். பாயிண்டில் பொறி பலமாகப் பறந்தால் பாயிண்டோடு சேர்ந்த கண்டன்சரை மாற்றுங்கள். புதுக் காயிலைக் குறை சொல்வது அப்புறம்.

ஸ்கேனரில் பி0301 (முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர்) என்ற கோட் வருகிறது. நாலு காயிலையும் மாற்றச் சொல்கிறார்கள். (கோவை)

வேண்டாம். முதல் சிலிண்டர் காயிலை இரண்டாவதில் மாட்டி, ஸ்கேனரில் அந்தக் கோட் எண்ணை அழித்துவிட்டு ஓட்டுங்கள். பி0302 (இரண்டாவது சிலிண்டர்) வந்தால் அந்த ஒரு காயில் மட்டும் போதும். பி0301-ஏ திரும்ப வந்தால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் பாருங்கள். பிளக் மேல் உட்காரும் இந்தக் காயில்கள் பலவற்றில் உள்ளே டயோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) உண்டு. செகண்டரி ஓபன் (இணைப்பு அறுந்தது) என்று மீட்டர் காட்டினாலும் பயப்பட வேண்டாம்.

பிளக் ஒயரைக் கழற்றி அந்தரத்தில் விட்டு உதைத்துப் பார்க்கலாமா? (திருநெல்வேலி)

கூடவே கூடாது. வெளியே போக வழி இல்லாத வோல்டேஜ் காயிலுக்குள்ளேயே இன்சுலேஷனைத் துளைக்கும். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் தீப்பிடிக்கவும் செய்யும். சி.டி.ஐ. வண்டியில் பிரைமரி ஒயரிலேயே 200 வோல்ட்டுக்கு மேல் வரும், உதைக்கும்போது அதையும் தொடாதீர்கள்.

மழை பெய்தால் மட்டும் மிஸ் அடிக்கிறது. (நாகர்கோவில்)

இருட்டில் இன்ஜினை ஓடவிட்டு, காயில், ஒயர், பிளக் கேப் மேல் தண்ணீரை லேசாக ஸ்பிரே செய்யுங்கள். நீலப் பொறி ஊர்கிற இடம் கண்ணில் படும். பெரும்பாலும் கேப்தான்.