விருந்தாளிக்குக் களியா?

வணக்கம் சார்,

எனக்குச் சொந்த ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. ஒரே அறையில் ஐந்து பெண்கள் தங்கியிருக்கிறோம். ஒருத்தி தஞ்சாவூர், ஒருத்தி திருநெல்வேலி, ஒருத்தி விழுப்புரம், இன்னொருத்தி ஜார்க்கண்ட். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து படுத்தால் தூக்கம் வரும்வரை சாப்பாட்டுப் பேச்சுதான். தஞ்சாவூர்க்காரிக்கு வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும். திருநெல்வேலிக்காரிக்குச் சொதி. விழுப்புரத்துக்காரிக்குக் கருவாட்டுக் குழம்பு. எனக்குக் கேழ்வரகுக் களியும் கொள்ளுக் கடைசலும். இதையெல்லாம் ‘கம்ஃபர்ட் ஃபுட்’ என்கிறார்கள்.

பொங்கலுக்கு முந்தின சனி, ஞாயிறு நால்வரையும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன். களி போடப் போகிறேன் என்றதும் அம்மா சண்டைக்கு வந்துவிட்டார். “ஊட்டுக்கு வர்ற புள்ளைங்களுக்குக் களியா போடுவ? கோழி அடிச்சு சோறாக்கலாம்” என்கிறார். நம் சாப்பாட்டை நாமே கேவலமாக நினைக்கலாமா? நீங்கள் களியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்குப் புரிகிற மாதிரி ஒரு பதில் எழுதினால் படித்துக் காட்டுவேன். அப்புறம், அந்த ஜார்க்கண்ட் பெண் இங்கே எதையும் சரியாகச் சாப்பிடுவதில்லை. தட்டை அளைந்துவிட்டு எழுந்துவிடுகிறாள். அவளுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

கி., காவேரிப்பட்டணம்

*

அன்புள்ள கி.,

அம்மாவுக்குப் படித்துக் காட்டப்போவதாகச் சொல்கிறீர்கள். சங்கடம் என்னவென்றால், இந்த விஷயத்தில் நான் பாதிக்கு மேல் உங்கள் அம்மா கட்சி.

அவர் களியைக் கேவலமாக நினைக்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் பெரும்பாலும் மானாவாரி பூமி. மழையை நம்பிக் கேழ்வரகு, சாமை, கொள்ளு, அவரை என்று விதைத்தவர்கள் நாம். எங்கள் அப்பா காலத்தில் அரிசிச் சோற்றுக்கு ‘நெல்லுச்சோறு’ என்று தனிப்பெயர். அது நோன்பு நொடிக்கு வரும், கல்யாணத்துக்கு வரும், அதைவிட்டால் வீட்டுக்கு ஆள் வந்தால் வரும். மாமா வருகிறார் என்று அப்பாவும் அவர் தம்பிகளும் குதித்தது மாமாவுக்காக இல்லையாம், உலையில் விழும் அரிசிக்காக. வந்தவருக்குத் திண்ணையில் இலை போட்டுச் சோறு. பெண்களுக்கு உள்ளே வழக்கம்போலக் களி. தான் தினமும் தின்பதை வந்தவர் முன்னால் வைக்கக்கூடாது, தனக்கே அரிதானதை எடுத்து வைக்கவேண்டும் என்பது அந்த வீடுகளின் மரியாதை. உங்கள் அம்மா அதைத்தான் பேசுகிறார்.

இந்த மரியாதையின் கணக்கு இப்போது தலைகீழாகிவிட்டது, அது அவர் குற்றமில்லை. 2023-ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. அறிவித்தது. அதே வருடம் தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்று திட்டம் வந்தது. பெரிய ஓட்டல்களில் களி உருண்டையைப் பீங்கான் கிண்ணத்தில் வைத்து, மேலே கொத்தமல்லித் தழை தூவிக் கொண்டுவருகிறார்கள். அரிசி எட்டாக்கனியாக இருந்தபோது அரிசி மரியாதை. அரிசி மலிந்தபிறகு கேழ்வரகு மரியாதை. இந்தத் திருப்பத்தை உங்கள் அம்மா இரண்டு நாளில் எடுத்து முடிக்கவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நானும் உங்களைப் போலக் கொடி பிடித்தவன்தான். கல்யாணமான புதிது. சென்னையிலிருந்து நண்பர்கள் நாலு பேர் ஒகேனக்கல் பார்க்க வந்தார்கள். முதல் நாள் ராத்திரி எங்கள் வீட்டில் தங்கல். களிதான் போடவேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். கூடவே பிரசங்கம் வேறு. இது தகடூர், அதியமான் ஆண்ட மண், ஒருநாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, பலநாள் பலரோடு போனாலும் அவன் “தலைநாள் போன்ற விருப்பினன்” என்று ஔவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார் என்றெல்லாம் கூடத்தில் உட்கார்ந்து அளந்துகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அந்த அதியமான் ஊட்ல களி கிண்டினது யாரு?”

நண்பர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

எழுந்துபோய்ப் பார்த்தேன். ஏழு பேருக்குக் களி என்றால் என்ன என்பதை நான் அதுவரை பார்த்ததில்லை, தின்றிருக்கிறேன், அவ்வளவுதான். நொய் வெந்துகொண்டிருக்கும் பெரிய சட்டியில் மாவைக் குன்றுபோலக் கொட்டி, நடுவில் துடுப்பால் குத்தித் துளை போட்டிருந்தார். அந்தத் துளை வழியாகக் கொதி மேலேறி மாவை வேகவைக்கும். வெந்ததும் சட்டியை இறக்கித் தரையில் சாக்கின்மேல் வைத்து, பழந்துணி சுற்றிய இரண்டு பாதங்களாலும் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்துக் கிண்டினார். கட்டி ஒன்றுகூட இருக்கக்கூடாது. இறுக இறுகத் துடுப்பு நகராது, சட்டியே கூடச் சுற்றும். ஆவி முகத்தில் அடிக்கும். ஈர விரலால் தொட்டுப் பார்த்து, ஒட்டாவிட்டால் களி பதம். சூடு ஆறுவதற்குள் நனைத்த கிண்ணத்தில் போட்டுச் சுழற்றி உருட்டவேண்டும். இரண்டு பேருக்குக் கிண்டுவதற்கும் ஏழு பேருக்குக் கிண்டுவதற்கும் வித்தியாசம் மூன்றரை மடங்கு என்று நினைக்காதீர்கள், தோள்பட்டையைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்லும்.

சரி, போட்டாயிற்று. ஒருவர் களியை மென்றார். களியை மென்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பல்லில் அப்பி, அண்ணத்தில் அப்பி, மனிதர் பேசவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தண்ணீர்ச் செம்பைத் தேடினார். சின்னதாகக் கிள்ளு, குழம்பில் புரட்டு, அப்படியே முழுங்கு என்று நான் பாடம் நடத்த, மற்ற மூவரும் மாத்திரை முழுங்குவதுபோலக் கழுத்தை நீட்டி நீட்டி முழுங்கினார்கள். பிரமாதம் என்றார்கள். உடம்புக்கு ரொம்ப நல்லது என்றார்கள். ‘உடம்புக்கு நல்லது’ என்று விருந்தாளி சொல்லிவிட்டால் அந்தச் சாப்பாடு தோற்றுவிட்டது என்று அர்த்தம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பது உண்மைதான், ஆனால் பசித்தவனுக்கு அதைச் சொல்லிப் பயனில்லை.

மறுநாள் விடிகாலை ஒகேனக்கல் பஸ் ஏற்றிவிடப் போனேன். “டீ குடிச்சிட்டு வந்துர்றோம்” என்று போனவர்கள் வரவில்லை. தேடிப்போனால் ஒரு கடையில் நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்து பரோட்டா பிய்த்துக்கொண்டிருந்தார்கள். மென்றவர்தான் என்னை முதலில் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி திரும்பி வந்துவிட்டேன். வீட்டில் இதைச் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு நான் களியை விருந்தாளிக்காகப் போடவில்லை, எனக்காகப் போட்டேன். நமக்கு இதமாக இருப்பது வந்தவருக்கும் இதமாக இருக்கும் என்று ஒரு மயக்கம். நீங்கள் சொல்லும் கம்ஃபர்ட் ஃபுட்டுக்கு எங்கள் பக்கம் தனிப்பெயர் கிடையாது, ‘வயித்துக்கு இதமா இருக்கு’ என்போம். அந்த இதம் களியில் இல்லை, பழகிய தொண்டையில் இருக்கிறது. முழுங்கத் தெரிந்தவனுக்குத்தான் களி. உங்கள் தஞ்சாவூர்த் தோழிக்கு அது இதமாக இருக்காது, அனுபவமாக இருக்கும். அதில் தப்பில்லை, ஆனால் அனுபவத்துக்கு ஒரு சின்ன உருண்டை போதும். எலுமிச்சங்காய் அளவு.

இப்போது அந்த ஜார்க்கண்ட் பெண்ணுக்கு வருகிறேன். நீங்கள் யாரை நினைத்துக் கவலைப்படுகிறீர்களோ, அவளைப் பற்றித்தான் எனக்குக் கவலை இல்லை. ஜார்க்கண்டில் கேழ்வரகு விளைகிறது, தெரியுமா? அங்கே அதற்கு ‘மடுவா’ என்று பெயர். மடுவா ரொட்டி தட்டிச் சாப்பிடுவார்கள். ஹாஸ்டல் இட்லியிலும் சாம்பாரிலும் அவள் தட்டை அளைகிறாள் என்றால் அவள் தேடுவது வேறு. எல்லா வீட்டிலும் அது உண்டு என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் சனிக்கிழமை போனதும் அவளைக் கூடத்தில் உட்காரவைக்காமல் நேரே சமையலறைக்குக் கூட்டிப்போய், கேழ்வரகு மாவு டப்பாவைத் திறந்து காட்டுங்கள். பெயர் சொல்லவேண்டாம். மோந்து பார்க்கட்டும். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் மாவையும் தோசைக்கல்லையும் அவள் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்ளுங்கள். உங்கள் அம்மா நகரமாட்டார், பக்கத்திலேயே நின்று பார்ப்பார். பார்க்கட்டும். விருந்துக்கு வந்த பெண்ணை அடுப்பில் நிறுத்துவதா என்று அவர் பதறினால், ஒரு ரொட்டி தட்டி முடிக்கும்வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

மற்றவர்களுக்கு என்ன செய்வது? இங்கேதான் உங்களுக்கு யோகம். நீங்கள் போகும் நேரம் மார்கழிக் கடைசி. பனி விழுகிறது, சந்தையில் அவரைக்காய் குவிந்திருக்கும். பிதுக்கம்பருப்பு போடுங்கள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி அம்மாவிடம் போனில் சொல்லி, ஒரு கிலோ அவரைக்கொட்டையை ஊறப்போடச் சொல்லுங்கள். சனிக்கிழமை நீங்கள் போய்ச் சேரும்போது தோல் உப்பி, தொட்டால் வழுக்கும் பதத்தில் இருக்கும். வாசலில் பழைய பாயை விரித்து, நடுவில் கூடையை வைத்து, ஐந்து பேரும் சுற்றி உட்காருங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு கொட்டையைப் பிடித்து முனையில் ஒரு அழுத்து. பருப்பு துள்ளி வெளியே வரும், தோல் விரலில் நிற்கும். முதல் பத்துக் கொட்டை பாத்திரத்தில் விழாது, எதிரில் இருப்பவள் மேல் விழும். அப்புறம் கை பழகிவிடும், கண் தேவைப்படாது. கண் தேவைப்படாத வேலையில்தான் வாய் நன்றாகத் திறக்கும். ஒரு கிலோ பிதுக்க ஐந்து பேருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது வேலையைப் பொறுத்தது இல்லை, கதையைப் பொறுத்தது. எங்கள் வீட்டில் நடந்த இரண்டு கல்யாணப் பேச்சும் ஒரு பாகப் பிரிவினைப் பேச்சும் பிதுக்கும்போது தொடங்கியவைதான். விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போய், கையில் பச்சை வாசம் ஏறி, ராத்திரி வரை போகாது.

குழம்பு அம்மா வைக்கட்டும். அதில் நீங்களும் நானும் தலையிடவேண்டாம். எங்கள் வீட்டில் வெங்காயம், தக்காளி வதக்கி, தேங்காயோடு சோம்பும் கசகசாவும் அரைத்து ஊற்றுவோம். உங்கள் வீட்டில் வேறாக இருக்கலாம். பிதுக்கம்பருப்பின் குணம், அது யாரையும் விரட்டாது. சோற்றில் ஊற்றினால் சோற்றுக்கு, தோசைக்குத் தொட்டால் தோசைக்கு, அந்தப் பெண் தட்டும் ரொட்டிக்கும் சரி, களிக்குச் சொல்லவே வேண்டாம். அம்மா கோழி அடித்துச் சோறும் ஆக்கட்டும், அவர் மரியாதை அவருக்கு. உங்களுக்கும் அம்மாவுக்கும் மட்டும் இரண்டு உருண்டைக் களி கிண்டி உங்கள் தட்டில் வைத்துக்கொள்ளுங்கள். யாரையும் கூப்பிடாதீர்கள். நீங்கள் கிள்ளிப் புரட்டி முழுங்குவதைப் பார்த்துவிட்டு எவளாவது கையை நீட்டினால், எலுமிச்சங்காய் அளவு. விழுப்புரத்துக்காரிதான் முதலில் நீட்டுவாள் என்று நினைக்கிறேன். கருவாட்டுக் குழம்பு தின்றவளுக்குத் துணிச்சல் இருக்கும்.

துடுப்பை நீங்கள்தான் பிடிக்கவேண்டும், அதைச் சொல்ல மறந்துவிட்டேன். கையில் கொப்புளம் வந்தால் தேங்காய் எண்ணெய்.

மிச்சக் களி இருந்தால் தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். ஞாயிறு காலை மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, புழக்கடையில் நின்றுகொண்டு குடியுங்கள். என்னைக் கேட்டால் களியைவிட இதுதான் உசத்தி. நான் நண்பர்களைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்றைக்கும் ஒரு சொம்பு குடித்தேன்.

திரும்பும்போது கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் யாராவது “டீ குடிச்சிட்டு வந்துர்றோம்” என்று நகர்ந்தால் எனக்கு எழுதுங்கள். அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.