பறவை பறந்துவிட்டால் மிச்சத்தை எப்படி வரைவது?

அன்புள்ள அக்கா,

நீங்கள் பறவைகளை வரைவது பற்றி எழுதியதைப் படித்துவிட்டு நானும் ஓவிய நோட்டு ஒன்று வாங்கினேன். சிங்கப்பூர் அங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே தினமும் ஒரு குண்டுகரிச்சான் பாடுகிறது. தலையை வரைந்து முடிப்பதற்குள் பறந்துவிடுகிறது. மிச்சத்தைக் கைப்பேசியில் படம் தேடி முடிக்கிறேன். அழகாகத்தான் வருகிறது, ஆனால் எங்கள் புளோக் குருவி மாதிரி இல்லை. பேசாமல், பறவைக் கூண்டுகளைத் தொங்கவிடும் கெபுன் பாருவுக்குப் போய்க் கூண்டுப் பறவைகளை வரையலாமா?

மலர்விழி

அன்புள்ள மலர்விழி,

மிச்சத்தை முடிக்காதீர்கள். தலைதான் கிடைத்தது என்றால் தலையோடு விட்டுவிடுங்கள். பக்கத்தில் தேதி, நேரம், வெயிலா மழையா, எந்த மரம் என்று குறித்துவிட்டு, ‘வால் என்ன நிறம்?’ என்று ஒரு வரி எழுதுங்கள். மறுநாள் உங்கள் கண் நேரே வாலுக்குத்தான் போகும். கைப்பேசிப் படத்திலிருந்து வாலை எடுத்து நிரப்பிவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

குண்டுகரிச்சானின் வால் விஷயமே வேடிக்கையானது. மேல்மாடி நடைபாதையிலிருந்து குனிந்து பார்த்தால் கறுப்பு. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் வெள்ளை. நடு இறகுகள் கறுப்பு, ஓரத்து இறகுகள் வெள்ளை. வாலை மடக்கும்போது வெள்ளை இறகுகள் கறுப்புக்கு அடியில் போய்விடும். இதை நான் சொல்லாமலே உங்கள் நோட்டு சொல்லியிருக்கும், இரண்டு நாள் இரண்டு விதமாக வரைந்து வைத்திருந்தால். பாடுவது பெரும்பாலும் ஆண். துணை பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் மார்பைப் பாருங்கள்: ஆணுக்குக் கறுப்பு, பெண்ணுக்குச் சாம்பல்.

பறவை வந்ததும் பென்சிலை எடுக்காதீர்கள். கொஞ்ச நேரம் சும்மா பாருங்கள். பிறகு அலகிலிருந்து வால் நுனிவரை உடம்பு எந்தச் சாய்வில் நிற்கிறது என்று ஒரே ஒரு கோடு. அதன்மேல் தலையும் உடம்பும். திரும்பிக்கொண்டதா? அதே பக்கத்தில் இன்னொரு கோடு போடுங்கள். பாடும் பறவை விருப்பமான கிளைக்குத் திரும்பத் திரும்ப வரும். முதல் படத்தைத் தொடர அப்போது வாய்ப்புக் கிடைக்கும். பாட்டையும் கோடாகவே எழுதலாம், ஏறும் இடத்தில் ஏற்றி, இறங்கும் இடத்தில் இறக்கி. வண்ணத்தை வீட்டுக்கு வந்து தீட்டுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் நீர்வண்ணம் சீக்கிரம் காயாது; வெளியில் நிறத்தின் பெயரை எழுதிவந்தால் போதும்.

கெபுன் பாருவுக்குத் தாராளமாகப் போங்கள், பறவையின் கால்களை வரையப் பழக. கிட்டத்தில் பார்த்தால், பின்பக்கம் மடங்கும் மூட்டு முழங்கால் இல்லை, கணுக்கால் என்பது தெரியும். உண்மையான முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கும். விரல்கள் முன்னே மூன்று, பின்னே ஒன்று. இதை ஒருமுறை புரிந்துகொண்டால் உங்கள் பறவைகள் கிளையை ஒழுங்காகப் பற்றி நிற்கும்.

ஆனால் அங்கேயே தங்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கூண்டுக்காகப் பிடித்துப் பிடித்தே குண்டுகரிச்சான் ஒரு காலத்தில் சிங்கப்பூரில் அருகிப்போனது. 1980களில் மீண்டும் கொண்டுவந்து விட்டார்கள். வைக்கோல் நிறத் தலை கொண்ட பெரிய புல்புல் பறவைக்கும் அண்டை நாடுகளில் அதே கதிதான். மிகவும் அருகிவிட்ட இனம் என்று 2018இல் அறிவிக்கப்பட்டது. புலாவ் உபின் தீவில் இன்னும் அதன் பாட்டைக் கேட்கலாம். உங்கள் புளோக்கில் ஒரு குண்டுகரிச்சான் சுதந்திரமாக வந்து பாடுவது சாதாரண விஷயம் இல்லை, மலர்விழி. அது எப்போது வருகிறது, எங்கே உட்காருகிறது, எப்போது பாட்டை நிறுத்துகிறது என்பதெல்லாம் உங்கள் நோட்டில் இருக்கட்டும்.

பறவை வாயில் புல்லோ புழுவோ கவ்விக்கொண்டு ஒரே பொந்துக்குப் போய்வந்தால், தள்ளி நின்றே வரையுங்கள். கூட்டை எட்டிப் பார்க்க வேண்டாம்.

அடுத்த கடிதத்தோடு ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள், அழித்துத் திருத்தாமல்.

அன்புடன்,
அக்கா