பழைய பல்கலைக்கழகக் கட்டடத்தைச் சீரமைக்க ஏன் சுண்ணாம்பு? சிமெண்ட் போதாதா?

சிமெண்ட் உறுதிதான், ஆனால் பழைய சுவருக்கு அதுவே எமன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைப் பாருங்கள். ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1879-இல் முடிந்தது. கடற்கரைக்கு எதிரே நிற்பதால் ஈரமும் உப்பும் விடாது. சுண்ணாம்புப் பூச்சு சுவரின் ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் மாவாக உதிரும். பூச்சு சுவரிலிருந்து பிரிந்து நிற்கும் இடத்தைத் தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்கும். சுண்ணாம்பு வேலைக்கு நாள் பிடிக்கும், பிடிக்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

அப்புறம் விரிவாக்கம். கூடுதல் வகுப்பறைக்காகப் பழைய சுவர்மேல் மாடி எழுப்ப வேண்டாம். தனி அஸ்திவாரம் போட்டு, நடுவே இடைவெளி விட்டுக் கட்டுங்கள். புதுக் கட்டடம் மண்ணில் கொஞ்சம் இறங்கும். இணைத்துக் கட்டியிருந்தால் விரிசல் பழைய சுவரில்தான் விழும்.