கேரவன் பயணம்: உங்கள் கேள்விகள்

கேள்வி: காருக்குப் பின்னால் கேரவனை (தங்கும் வசதியுள்ள இழுவை வண்டியை)க் கட்டிக்கொண்டு முதல் முறையாக நெடும்பயணம் போனோம். வேகம் 80 கி.மீ. தாண்டியதும் பின்வண்டி இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்துவிட்டது. உள்ளே சாமான்களை இறுக்கித்தான் கட்டியிருந்தோம். வெளியே, பின்சுவரில் இரண்டு சைக்கிள்கள் மட்டும். எதனால் இப்படி?

பதில்: அந்தச் சைக்கிள்கள் மேல்தான் முதல் சந்தேகம். சாமானை எப்படிக் கட்டினோம் என்பதைவிட எங்கே வைத்தோம் என்பது முக்கியம். ஆக்ஸிலை (சக்கரங்களை இணைக்கும் அச்சை) நடுவாக வைத்த தராசு மாதிரிதான் கேரவன். பின்பக்கம் கனத்தால் முன்பக்கம் லேசாகிவிடும்; காரின் கொக்கியை அழுத்திப் பிடிக்காது. அப்போது ஒரு லாரி கடந்து போகும் காற்று போதும், ஆட்டம் தொடங்கிவிடும். வால் கனமாக இருப்பதால் தொடங்கிய ஆட்டம் லேசில் அடங்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆக்ஸிலிலிருந்து கொக்கி 4 மீட்டர் முன்னால், சைக்கிள்கள் 2.5 மீட்டர் பின்னால் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாண்டோடு சேர்த்து 32 கிலோ. 32-ஐ 2.5-ஆல் பெருக்கினால் 80. அதை 4-ஆல் வகுத்தால் 20. கொக்கியின் மேல் இருக்கவேண்டிய பாரத்தில் 20 கிலோ காணாமல் போகிறது!

ஐரோப்பிய வகைக் கேரவன்களுக்கு மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும். அதாவது 1,400 கிலோ வண்டிக்கு 70 முதல் 98 கிலோ. அமெரிக்க வகைக்கு 10 முதல் 15 சதவீதம் சொல்வார்கள். உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே உங்களுக்குக் கணக்கு. காரின் கொக்கிக்கு 75 கிலோதான் வரம்பு என்றால் அதற்கு மேல் போகவே கூடாது.

இதை அளக்க, வீட்டில் உடல் எடை பார்க்கும் மெஷினே போதும். எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். காரில் மாட்டியிருக்கும்போது கொக்கி எந்த உயரத்தில் இருக்குமோ, மெஷின் மேல் நிறுத்தினால் அதே உயரம் வரும்படி ஒரு மரக்கட்டையை வெட்டிக்கொள்ளுங்கள். கேரவனின் கொக்கிவாயை (காரின் கொக்கியில் மாட்டும் முன்முனையை) அந்தக் கட்டையின் மேல் இறக்குங்கள். முன்சின்னச்சக்கரம் (கழற்றிய கேரவனின் முன்பக்கத்தைத் தாங்கும், உயரம் மாற்றக்கூடிய சிறு சக்கரம்) தரையைத் தொடாமல் இருக்க வேண்டும். வரும் எண்ணில் கட்டையின் எடையைக் கழித்தால் விடை. குறைந்தால் கனமானவற்றை ஆக்ஸிலுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னால், தரையோடு தரையாக நகர்த்துங்கள். மேல் அலமாரியில் துணிமணி மட்டும்.

ஓடும்போது ஆடினால் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பிச் சரிசெய்யப் பார்ப்பதும் ஆட்டத்தைக் கூட்டும். வேகம் கூட்டி இழுத்துவிடலாம் என்பது இன்னும் ஆபத்து. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விடுங்கள்.

கேள்வி: தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பலாமா?

பதில்: 100 லிட்டர் என்றால் 100 கிலோ. அதிலும் பாதித் தொட்டிதான் மோசம். ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர் அலைமோதும். வழிக்கு வேண்டியதைக் கேனில் வைத்துக்கொண்டு, தங்குமிடம் போய் நிரப்புங்கள்.

கேள்வி: கடலோரத்தில் ஒரு வாரம் தங்கப் போகிறோம். மணலில் நிறுத்தலாமா? வேறு என்ன பார்க்க வேண்டும்?

பதில்: மணலுக்குள் கேரவனைக் கொண்டுபோக வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. கெட்டியாகத் தெரியும் ஈரமணல்கூட, வண்டி நின்றதும் சக்கரத்தடியில் இளகிவிடும். புதைந்தால் சக்கரத்தைச் சுழற்றாதீர்கள். ஒவ்வொரு சுற்றும் இன்னும் ஆழமாகத் தோண்டும். சக்கரத்தின் முன்னுள்ள மணலைச் சரிவாக அள்ளிவிட்டு, பலகை கொடுத்து, காரின் டயர்க் காற்றைக் குறைத்து மெதுவாக இழுங்கள். தார்ச்சாலை ஏறுமுன் மறக்காமல் காற்றை நிரப்புங்கள். கரையில் காய்ந்த கடல்பாசி வரிசையாகக் கிடக்கும் இடம்வரை தண்ணீர் வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். அதற்குக் கீழே எதையும் வைக்காதீர்கள்.

வண்டியின் முகம் காற்றைப் பார்த்து இருக்கட்டும். பக்கவாட்டுப் பந்தலை இரவில் சுருட்டிவிடுங்கள். தூங்கும்போது எழும் காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போய்விடும்.

கடற்காற்றின் உப்பு, காரிலிருந்து கேரவன் விளக்குகளுக்கு மின்சாரம் தரும் பிளக்கில்தான் முதலில் வேலையைக் காட்டும். முள்களின் மேல் பச்சைப் பூப்பு தெரிந்தால் சுத்தம் செய்து, பிளக்குக்கு உரிய கிரீஸை மெலிதாகத் தடவுங்கள். பின்விளக்கு ஒன்று மங்கலாக எரிந்தாலும், இண்டிகேட்டர் போடும்போது வேறு விளக்கு மினுக்கினாலும், பெரும்பாலும் எர்த் முள்தான் காரணம். ஊர் திரும்பியதும் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

கேள்வி: கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் சில இடங்களில் குளிர்வதே இல்லை. கேஸ் தீரவில்லை, தீயும் எரிகிறது. ரிப்பேரா?

பதில்: வண்டி நிற்கும் மட்டத்தைப் பாருங்கள். இந்த வகை ஃபிரிட்ஜில் கம்ப்ரஸர் கிடையாது. அம்மோனியா கலந்த நீர் சூடாகி மேலேறி, தன் கனத்திலேயே குழாய் வழியாக இறங்கி வரவேண்டும். வண்டி சாய்ந்தால் அது ஒரு மூலையில் தேங்கிவிடும். அப்படியே நெடுநேரம் எரியவிட்டால் குழாய் அடைத்து, பிறகு சரிசெய்யவே முடியாமலும் போகலாம்.

நிறுத்தும்போது முதலில் இடம்-வலம் மட்டம்: காரைக் கழற்றுவதற்கு முன்பே, தாழ்ந்த பக்கச் சக்கரத்தைச் சரிவுக்கட்டை மேல் ஏற்றுங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே கொக்கியைக் கழற்ற வேண்டும். அடுத்து முன்சின்னச்சக்கரத்தைத் திருகி முன்-பின் மட்டம். கேரவனின் நான்கு மூலைகளிலும் இறக்கும் மூலைக்கால்கள் கடைசியில்தான்; அவை ஆட்டத்தை நிறுத்த மட்டுமே. அவற்றை ஜாக்கி போலத் திருகி வண்டியைத் தூக்கினால் கால் வளையும், அடிச்சட்டமும் முறுக்கிக்கொள்ளும். பிறகு கதவு சரியாகச் சாத்தாது.