மூன்றாம் மாடிக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம்?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஜெர்மனிக் குளிர்காலத்தைப் பற்றியவை. நான் தென்மேற்கு ஜெர்மனியின் ஷ்வேபிஷ் ஆல்ப் மலைமேட்டில், ஆல்ப்ஷ்டாட் என்ற ஊரில் பதினோரு குளிர்காலம் பார்த்துவிட்டேன். அதனால் படித்ததைவிடப் பட்டதைத்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

கே: ஊல்ம் பக்கத்தில் புதிதாகக் குடிவந்திருக்கிறேன். நேற்று வேலை முடிந்து வந்தால் என் கதவில் 'கேர்வொஹெ' என்று எழுதிய மரப்பலகை ஒன்று தொங்குகிறது. இந்த வாரம் வாசலில் பனி தள்ளுவது என் முறை என்கிறார் எதிர்வீட்டுக்காரர். நான் இருப்பது மூன்றாம் மாடி, அதுவும் வாடகைக்கு. வீட்டுக்காரர் வேலை இல்லையா அது?

ப: முதலில் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். வீட்டுக்கு முன்னால் உள்ள நடைபாதையில் பனி அகற்றுவதை ஊர் நிர்வாகம் அந்த வீட்டுச் சொந்தக்காரர் பொறுப்பில் விடுகிறது, அவர் அதை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாடகைக்கு இருப்பவர்கள் தலையில் கட்டலாம், பெரும்பாலும் கட்டியிருப்பார். மாடிக் கணக்கெல்லாம் செல்லாது.

கேர்வொஹெ என்றால் பெருக்கும் வாரம். நீங்கள் இருக்கும் ஷ்வாபியப் பகுதியின் பழைய பழக்கம். மாடிப்படி, வாசல் என்று முறை வைத்துப் பெருக்குவார்கள், பல வீடுகளில் பனியும் அதோடு சேர்ந்துகொள்ளும். முதல் வருடம் அந்தப் பலகையை ஏதோ அலங்காரம் என்று நினைத்து அப்படியே தொங்கவிட்டேன். ஒரு நாள் எட்டரைக்கு எழுந்து கீழே வந்தால், எழுபது வயதைத் தாண்டிய கீழ்வீட்டுப் பாட்டி என் பங்கையும் தள்ளி முடித்து, ஷவலைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. பலகையைச் சுட்டிக்காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

நேரம் ஊருக்கு ஊர் மாறும். வார நாட்களில் பொதுவாகக் காலை 7 மணிக்குள் பாதை தயாராக இருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் சலுகை உண்டு, இரவு 8 அல்லது 9 வரை பனி விழ விழத் தள்ள வேண்டும். ஒரு மீட்டருக்குக் குறையாத அகலம், இரண்டு பேர் ஒதுங்கிப் போகிற அளவு. அள்ளியதைச் சாலையில் வீசக் கூடாது, நடைபாதை ஓரமாகக் குவியுங்கள், ஆனால் மழைநீர் இறங்கும் வாயை மூடிவிடாதீர்கள். உப்பு? பல ஊர்களில் தனியார் போடவே கூடாது, மரத்துக்கும் மண்ணுக்கும் கெடுதல். மணலோ பொடி ஜல்லியோதான். நான் ஜல்லியை விரல்நுனியில் எடுத்துக் கோலப்பொடி மாதிரி இழுத்துக்கொண்டிருந்தேன், 'கோழிக்குத் தீனி போடுகிற மாதிரி வீசு' என்றார் அதே பாட்டி.

பனி விழுந்த காலையை நீங்கள் காதாலேயே கண்டுபிடித்துவிடலாம். ஊர் பஞ்சு வைத்து அடைத்த மாதிரி இருக்கும், கார் சத்தம்கூட எங்கோ தூரத்தில் கேட்கும், அப்புறம் ஐந்தரை ஆறு மணிக்கு யாரோ ஒருவர் கல் மேல் கர்ர்ர் என்று இழுக்க ஆரம்பிப்பார். அந்தச் சத்தம்தான் அலாரம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகப் போகிறேன் என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் வாரம் அந்த நாட்களில் வந்தால், உங்களுக்குப் பதில் ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். தள்ளாத பாதையில் யாராவது வழுக்கிக் கையை உடைத்துக்கொண்டால் 'நான் விமானத்தில் இருந்தேன்' என்பது பதில் ஆகாது, நஷ்டஈடு வரை போகும். 'ஹாஃப்ட்ஃப்லிஹ்ட்' என்கிற தனிநபர் பொறுப்புக் காப்பீடு இன்னும் எடுக்கவில்லை என்றால் எடுத்துவிடுங்கள், விலை அதிகமில்லை.

கே: மாவு இரண்டு நாளானாலும் பொங்குவதில்லை. போதாக்குறைக்குச் சமையலறை ஜன்னல் ஓரத்தில் கறுப்பாகப் பூஞ்சணம். ஜன்னலை எப்போதும் சாய்த்துத்தான் வைத்திருக்கிறேன். – நியூர்ன்பெர்க் வாசகி

ப: பூஞ்சணத்துக்கு வேர் அந்தச் சாய்த்த ஜன்னல்தான். மேல்பக்கம் நாலு விரல் திறந்து நாள் முழுக்க விட்டால் ஈரம் சரியாக வெளியேறாது, ஆனால் ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் ஐஸ் மாதிரி ஆகிவிடும். சாம்பார் கொதிக்கிற ஆவி, இட்லிப் பானை ஆவி, உள்ளே காயப்போட்ட துணி, எல்லாம் அந்தச் சுவரில்தான் போய் நீராகிறது. அங்கே பூஞ்சணம் வராமல் என்ன செய்யும்? 'ஷ்டோஸ்லுஃப்டன்' என்று வீட்டுக்காரர்கள் மந்திரம் மாதிரி சொல்வார்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, ஹீட்டரைக் குறைத்துவிட்டு, ஜன்னல்களை முழுசாகத் திறந்து ஐந்து நிமிடம். அவ்வளவுதான், மூடிவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் காற்று மாறும், சுவர் ஆறாது. சமைத்து முடித்த உடனே ஒரு தடவை கட்டாயம். ஹீட்டர் திருகில் 3 என்றால் ஏறக்குறைய 20 டிகிரி, 5-இல் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகிவிடும் என்று நினைக்காதீர்கள், அதே வேகம்தான், அதிகச் சூடு மட்டும்தான்.

மாவுக்கு அந்த 20 டிகிரி போதாது. ஓவனைச் சூடு பண்ணாமல், உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் எரியவிட்டுப் பாத்திரத்தை வைத்துவிடுங்கள், கீழே ஒரு தட்டும் வையுங்கள், பொங்கி வழிந்ததைச் சுரண்டிய அனுபவத்தில் சொல்கிறேன். ஓவன் கதவில் ஒரு சீட்டும் ஒட்டுங்கள். என் கணவர் பீட்சா போட ஒரு தடவை திருகி, மாவும் பிளாஸ்டிக் மூடியும் சேர்ந்து வெந்தது தனிக்கதை.

கே: ஜனவரியில் மகன் வீட்டுக்கு முதல்முறையாக வருகிறேன். வயது 64. எவ்வளவு கனமான ஸ்வெட்டர் வாங்க வேண்டும்? – கோவையிலிருந்து ஒரு அம்மா

ப: ஸ்வெட்டரே வாங்க வேண்டாம் அம்மா. வீட்டுக்குள் 20, 21 டிகிரி, கடையிலும் ரயிலிலும் அதைவிடச் சூடு, கனமான ஸ்வெட்டர் போட்டால் வியர்த்துக் கொட்டும். மெல்லியதாக இரண்டு மூன்று அடுக்கு, உள்ளே தெர்மல், மேலே காற்றுப் புகாத கோட். இங்கே இதை வெங்காய முறை என்பார்கள், உரிக்க உரிக்க வரும். புடவைக்கு உள்ளே தெர்மல் கால்சட்டை போட்டால் யாருக்கும் தெரியாது. காசைச் செலவழிக்க வேண்டியது ஷூவில்தான், அடிப்பகுதி ஆழமாக வெட்டு வெட்டாக, மெத்தென்ற ரப்பராக இருக்கட்டும், அதையும் இங்கே வந்து வாங்குங்கள்.

புதுப் பனியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதில் கால் புதையும், பிடிமானம் இருக்கும். பயப்பட வேண்டியது உருகி மறுபடி உறைந்த கண்ணாடித் தரையைப் பார்த்து. அது கண்ணுக்கு ஈரம் மாதிரிதான் தெரியும். அன்றைக்குக் கைகளைப் பையிலிருந்து எடுத்துவிட்டு, பாதத்தை முழுசாக ஊன்றி, வாத்து மாதிரி குட்டிக் குட்டி அடியாக நடக்க வேண்டும். முடிந்தால் அன்றைக்கு வெளியே போகாமல் இருப்பது இன்னும் நல்லது. அப்புறம் இன்னொன்று, எட்டு மணிக்கு மேல்தான் விடியும், ஐந்துக்கெல்லாம் இருட்டு. மத்தியானம் ஒரு அரை மணி நேரமாவது மகனை நச்சரித்து வெளியே கூட்டிப்போகச் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெய் கல்லாகத்தான் இருக்கும், ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் இளகும்.

கே: பனி பெய்தால் பள்ளிக்கூடம் லீவா? – ஆறாம் வகுப்பு மாணவன், ஸ்டுட்கார்ட்

ப: பெரும்பாலும் இல்லை தம்பி. இடைவேளையில் வெளியேயும் அனுப்புவார்கள். சந்தோஷப்படு.

கே: காலையில் கார் கண்ணாடியில் உறைந்த ஐஸைச் சுரண்ட நேரமில்லாமல், பார்க்கிற அளவுக்கு மட்டும் ஒரு ஓட்டை போட்டுக் கிளம்புகிறேன். தப்பா? பிப்ரவரி முடிந்ததும் குளிர்கால டயரைக் கழற்றிக் கோடைக்கால டயருக்கு மாற்றிவிடலாமா?

ப: தப்புதான், 10 யூரோ அபராதம். எஞ்சினை ஓடவிட்டு ஐஸை உருக்குவதும் கூடாது, அதற்கும் அபராதம் உண்டு. வெந்நீர் ஊற்றிவிடாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். ராத்திரியே ஒரு அட்டையை வைப்பரில் செருகிவிட்டால் காலையில் பத்து நிமிடம் மிச்சம்.

டயர் விஷயத்தில் சட்டம் தேதி சொல்வதில்லை, சாலை நிலையைத்தான் சொல்கிறது. ஐஸோ பனியோ இருக்கும்போது கோடைக்கால டயரோடு ஓட்டினால் 60 யூரோ, கூடவே ஓட்டுநர் பதிவில் ஒரு தண்டனைப் புள்ளி. 2024 அக்டோபரிலிருந்து மலையும் பனிச்செதிலும் வரைந்த குறி இருக்கிற டயர் மட்டுமே குளிர்கால டயராகச் செல்லும், பழைய டயரை வாங்குகிறவர்கள் பக்கவாட்டில் அந்தப் படத்தைத் தேடுங்கள். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று நம் ஊரில் சொன்னது வேறு பனிக்கு, ஆனால் எங்கள் மேட்டில் மாசியில்தான் பல வருடம் நல்ல பனியே வருகிறது. இங்கே 'ஓ முதல் ஓ வரை' என்பார்கள், அக்டோபர் முதல் ஓஸ்டர்ன் வரை, அதாவது ஈஸ்டர் வரை. இரண்டு வருடம் முன்பு மார்ச் வெயிலை நம்பி மாற்றிவிட்டு, அடுத்த வாரமே பேருந்தில் வேலைக்குப் போனேன். ஷவலைக்கூட அதுவரை நிலவறையில் இறக்காதீர்கள்.