பெருநகரத்தை விட்டு நடுத்தர நகரத்துக்குக் குடிபோனால் வாழ்க்கை எப்படி இருக்கும்? சலித்துவிடுமா?

கேட்ட விதத்திலேயே தெரிகிறது. மாற்றல் உத்தரவு கைக்கு வந்தாயிற்று, வீட்டில் ஒருவருக்கு இஷ்டமில்லை, அவரிடம் காட்ட நாலு நல்ல வரி வேண்டும். நானும் அப்படித் தேடியவன்தான். ஆனால் என் பதில் அதற்கு உதவுமா என்பது சந்தேகம்.

நடுத்தர நகரம் என்றால் ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடியின் வகைப்பாட்டில் 2 லட்சம் முதல் 5 லட்சம் பேர் வரை வாழும் நகர்ப்பகுதிதான் நடுத்தரம். நான் இருக்கும் ஊர் அதற்குள் வரும். 'பெருநகரத்தில் தாக்குப்பிடிக்க முடியாமல் ஓடிப்போனவன்' என்று என் சொந்தத்திலேயே ஒருவர் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஒன்பது வருடம் தாக்குப்பிடித்தேன், போதாதா?

வந்து இறங்கிய கதையைச் சொல்கிறேன். சாமான் ஏற்றி வந்தவர்கள் கட்டிலைக் கழற்றி, போல்ட்டுகளை ஒரு துணிப்பையில் போட்டு வாயைக் கட்டி, "இது பத்திரம் சார்" என்று என் கண் முன்னால் காட்டினார்கள். கட்டில் வந்தது, பை வரவில்லை. சாதாரண போல்ட் என்றால் பரவாயில்லை. மரத்துக்குள் குறுக்கே படுத்திருக்கும் உருளை நட்டோடு சேர்ந்த நீள போல்ட் அது. முதல் இரண்டு கடைகளில் கையை விரித்துவிட்டார்கள். மூன்றாவது கடைக்காரர் என் பெயர், போன் நம்பர், தெரு, எந்த வீடு, முன்பு அங்கே யார் குடியிருந்தார்கள் என்பதுவரை விசாரித்துவிட்டு, "வரவழைச்சுத் தரேன்" என்றார். பெருநகரத்தில் என்றால் அன்று சாயங்காலமே வீட்டு வாசலுக்கு வந்திருக்கும். இங்கே பன்னிரண்டு நாள் தரையில் படுத்தோம்.

விஷயம் அதுவல்ல. நான்காம் நாள் வேலை நிமித்தமாக ஒரு மருத்துவமனைக்குப் போனேன். அதுவரை முகம்கூடப் பார்த்திராத லேப் டெக்னீஷியன் ஒருவர், "கட்டில் போல்ட்டு வந்துருச்சா சார்?" என்றார். கடைக்காரர் அவருக்கு மச்சானாம். மனைவியிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குக் கூசியது. பெருநகரத்தில் எதிர்வீட்டுக்காரர் பெயர் கடைசிவரை எனக்குத் தெரியாது. அதைச் சுதந்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பயண நேரம் பற்றி எல்லாரும் சொல்வது உண்மைதான். முன்பு போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. இங்கே பதினைந்து நிமிடம். மனிதர்கள் எங்கே வாழ்ந்தாலும் சராசரியாக ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரத்தைப் பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள் என்று செசாரே மார்க்கெட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் 1994-இல் எழுதினார். என் விஷயத்தில் அது பலித்ததா என்றால், ஆமாம், மிச்சமான நேரத்தில் பாதியை வண்டியில் சும்மா ஊர் சுற்றியே செலவழித்தேன். புத்தகம் படிப்பேன், வயலின் கற்பேன் என்றெல்லாம் கிளம்பும்போது சொல்லியிருந்தேன். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

நான் ஸ்கேன் கருவிகளைப் பழுதுபார்ப்பவன். இந்த அளவு ஊர்களின் குணம் என் தொழிலில் அப்பட்டமாகத் தெரியும்: நிறைய விஷயங்கள் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். எம்ஆர்ஐ காந்தத்தைச் சுமார் மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியத்தில் வைத்திருக்க வேண்டும். குளிரூட்டும் பகுதி நின்றுபோனால் ஹீலியம் ஆவியாகத் தொடங்கிவிடும். பெருநகரத்தில் ஒரு கருவி படுத்தால் நோயாளி அடுத்த தெருவுக்குப் போவார். இங்கே அடுத்த ஊருக்குப் போக வேண்டும். சிறப்பு மருத்துவர்களும் அப்படித்தான், சிலர் பெருநகரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள். வீட்டில் நாள்பட்ட நோயாளி இருந்தால் வாடகையை அப்புறம் விசாரியுங்கள், முதலில் இதை விசாரியுங்கள்.

இன்னொரு வயிற்றெரிச்சல். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் எழுதுகிறேன். "அங்கே செலவு கம்மிதானே" என்று சொல்லி அந்த வருடச் சம்பள உயர்வில் எங்கள் நிர்வாகம் கைவைத்தது. சரி, வாடகை குறைந்தது உண்மை. ஆனால் நான் ஒருவனாகப் பார்க்க வேண்டிய சுற்றுவட்டாரம் மூன்று மடங்கானது. ராத்திரி இரண்டு மணிக்குக் கருவி நின்றுபோனால் சின்ன ஊர்க் கருவி என்று அது தானாகவா சரியாகிவிடும்?

ஆனால் 'ஒன்றே ஒன்று' என்பதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. இறகுப்பந்து ஆட எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு உள்ளரங்கம்தான். பிடிக்கிறதோ பிடிக்கவில்லையோ, வாரம் மூன்று நாள், ஒன்றரை மணி நேரம், அதே எட்டு முகங்கள். தெரிந்தவர் ஒருவர் நண்பர் என்ற நிலைக்கு வரவே சுமார் 50 மணி நேரம் ஒன்றாகக் கழிய வேண்டும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் ஓர் ஆய்வில் கணக்குச் சொன்னார். என் கணக்கில் 50 மணி நேரத்தைத் தொட மூன்று மாதம்கூட ஆகவில்லை. முன்பு ஆடிய இடத்தில் ஒரே ஆளோடு தொடர்ந்து நாலு தடவை ஆடியதாக ஞாபகம் இல்லை. இந்த எட்டுப் பேரில் ஒருவர் வாயைத் திறந்தால் மூட மாட்டார், அவரிடமிருந்து தப்பிக்கவும் வழியில்லை. என் மகனுக்கு நள்ளிரவில் காய்ச்சல் ஏறியபோது வண்டியோடு வந்து நின்றவரும் அவர்தான்.

ஆக, சலிக்குமா என்றால், எனக்குச் சலிக்கவில்லை. ஆனால் நான் மாற்றலில் வந்தவன், வேலை எனக்காகக் காத்திருந்தது. வீட்டில் இஷ்டமில்லாதவர் யார் என்று நீங்கள் எழுதவில்லை. அவரும் வேலைக்குப் போகிறவர் என்றால், அவருடைய துறையில் அந்த ஊரில் எத்தனை இடங்கள் இருக்கின்றன என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். என் மனைவியின் துறையில் இங்கே இரண்டே இடங்கள்தான். ஒன்றில் ஆள் எடுக்கவில்லை, இன்னொன்றில் அழைப்பு வர ஏழு மாதமாயிற்று. அந்த ஏழு மாதமும் தினம் சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "பார்த்தியா, பதினைந்தே நிமிஷம்" என்று அவளிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.