மகள் ஃபில்டர் படிக்கட்டுமா?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பெண் இசிஇ மூன்றாம் ஆண்டு. கூடப் படிக்கிறவர்கள் ஐடி கம்பெனி ப்ளேஸ்மென்ட்டுக்குத் தயாராகிக்கொண்டிருக்க, இவள் மட்டும் செல்போன் ஃபில்டரைச் சின்னதாக்குகிற வேலைதான் பிடித்திருக்கிறது, அதற்கு மேலே படிக்க வேண்டும் என்கிறாள். "தண்ணி ஃபில்டர் தெரியும், காபி ஃபில்டர் தெரியும், இது என்ன ஃபில்டர்? இதில் சோறு கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சோற்றுக்கு அப்புறம் வருகிறேன். அது என்ன பொருள் என்று முதலில் நீங்கள் தெரிந்துகொண்டால்தான் பெண்ணோடு பேச முடியும்.

உங்கள் கையில் இருக்கும் போனுக்குள் 4ஜி, 5ஜி, வைஃபை, ஜிபிஎஸ் என்று பல அலைவரிசைகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒன்றின் சத்தம் இன்னொன்றின் காதில் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் ஃபில்டரின் வேலை. நல்ல போன் ஒன்றில் பல டஜன் ஃபில்டர்கள் இருக்கும். 1 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையின் நீளம் 30 சென்டிமீட்டர். அந்த நீளத்தை நம்பி ஃபில்டர் செய்தால் போனுக்குள் அடங்காது. அதே சிக்னலை ஒரு படிகத்துக்குள் ஒலி அதிர்வாக மாற்றிவிட்டால் அது நொடிக்கு ஏறக்குறைய 4,000 மீட்டர் வேகத்தில்தான் நகரும், அலைநீளம் 4 மைக்ரானுக்கு இறங்கிவிடும். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். பரப்பில் ஓடும் இந்த அலையைப் பற்றி ராலே என்ற ஆங்கில இயற்பியலாளர் 1885-லேயே எழுதிவிட்டார். இரண்டு சீப்புகளின் பற்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்த மாதிரி உலோகக் கோடுகள் போட்டு, அந்த அலையைப் படிகத்தில் எழுப்பலாம் என்று 1965-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வைட், வோல்ட்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

சரி, இதை இன்னும் சின்னதாக்குவதில் என்ன கஷ்டம்? ஜெராக்ஸ் கடையில் படத்தைக் குறைப்பது மாதிரி குறைக்க முடியாது. மெல்லிய படலத்தை அந்தரத்தில் நிறுத்தி அதிரவைக்கும் வகை ஒன்று உண்டு. அஜிலன்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி 2001-ல் இதைச் செல்போனுக்காக விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதுவரை அந்த இடத்தில் இருந்த பெரிய செராமிக் கட்டி வெளியே போனது. இதில் படலத்தின் தடிமனை அலைவரிசை முடிவு செய்கிறது. பரப்பளவை, சுற்றியிருக்கும் சர்க்யூட்டின் 50 ஓம் மின் எதிர்ப்பு முடிவு செய்கிறது. பரப்பைப் பாதியாக்கினால் 50 என்பது 100 ஆகிவிடும், சிக்னல் உள்ளே போகாமல் திரும்பிவிடும்.

அடுத்தது ஓரம். பெரிய தோசை ஒன்றைவிட அதே மாவில் வார்த்த நாலு மினி ஊத்தப்பத்தில் ஓரம் அதிகம் இல்லையா? அதிர்வின் ஆற்றல் கசிவது ஓரத்தில்தான். கசிந்தால், விரிசல் விட்ட வெண்கல மணி மாதிரி சட்டென்று ஓய்ந்துவிடும், ஃபில்டரின் கூர்மை போய்விடும். அதனால்தான் இந்தப் படலங்களைச் சதுரமாக வரையாமல், எந்த இரண்டு பக்கமும் இணையாக இல்லாத கோணல் ஐங்கோணமாக வரைகிறார்கள். எதிரெதிர் ஓரங்களுக்கு நடுவே வேண்டாத அதிர்வு முட்டி மோதி வளராது.

அப்புறம் சூடு. சின்ன இடத்தில் அதே மின்சக்தி பாய்ந்தால் கொதிக்கும். லித்தியம் டான்டலேட் படிகத்தில் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 40 பங்கு அளவுக்கு அலைவரிசை நகரும். 60 டிகிரி ஏறினால் 2 கிகாஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 5 மெகாஹெர்ட்ஸ் நகர்வு. அமெரிக்காவின் 1900 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் அனுப்புவதற்கும் வாங்குவதற்கும் நடுவே இருப்பதே 20 மெகாஹெர்ட்ஸ் சந்துதான், அதில் கால்வாசி சூட்டுக்கே போய்விடுகிறது. சூடேறினால் விறைக்கும் சிலிக்கான் டைஆக்சைடைப் பூசி அதைச் சரிக்கட்டுகிறார்கள், ஆனால் பூச்சு ஏறினால் மின்சாரத்தை அதிர்வாக மாற்றும் திறன் குறையும். படலம் செய்கிற அலுமினியம் நைட்ரைடில் ஸ்காண்டியம் என்ற உலோகத்தைக் கலந்தால், மின்சாரத்தை அதிர்வாக மாற்றும் அந்த அழுத்தமின் குணம் ஏறக்குறைய ஐந்து மடங்காகும் என்று ஜப்பானில் அகியாமா குழு 2009-ல் காட்டியது. அந்தக் கலவையில் பரப்பும் குறையும், இழப்பு மட்டும் கூடும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று கையைவிட்டு நழுவுகிற துறை இது. அதனால்தான் இதில் ஆள் தேவை தீரவில்லை.

இனி சோறு. 2023-ல் ஆப்பிள் இப்படிப்பட்ட ஃபில்டர்களையும் சேர்த்து பிராட்காம் என்ற சிப் கம்பெனியோடு பல நூறு கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது, தயாரிப்பு கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில். இதே வேலை செய்யும் கம்பெனிகளில் முராட்டா ஜப்பானில், கோர்வோ டெக்சாஸில். இங்கே டெல்லியில் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் திடநிலை இயற்பியல் ஆய்வகம் இதில் வேலை செய்கிறது. ஆனால் ஐடி மாதிரி கல்லூரிக்கே வந்து இருநூறு பேரை அள்ளிக்கொண்டு போகிற வேலை இது கிடையாது. பி.இ. மட்டும் போதாது, எம்.டெக். குறைந்தபட்சம், ஆராய்ச்சிப் பக்கம் போனால் பிஎச்.டி. கேட் நுழைவுத்தேர்வு எழுதி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாயும், பிஎச்.டி.யில் முதல் இரண்டு வருடம் ஜூனியர் ஃபெலோஷிப்பில் மாதம் 37,000 ரூபாயும் உதவித்தொகை உண்டு. வீட்டுக்கு இப்போதே அவள் சம்பளம் தேவை என்றால் அதை அவளிடம் மறைக்காதீர்கள். இரண்டு வருடம் ஆர்எஃப், அதாவது ரேடியோ சர்க்யூட் வேலை பார்த்துவிட்டுப் படிக்கப் போனவர்களும் நிறைய இருக்கிறார்கள்.

ஃபில்டர் வேலையே கிடைக்காவிட்டாலும் படலம் வளர்ப்பது, சென்சார், ஆர்எஃப் டிசைன் என்று பக்கத்துக் கதவுகள் திறந்தே இருக்கும். அவள் கல்லூரியில் சிப் செய்து பழகத் தூசியில்லாத சுத்த அறை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். ஐஐடி மெட்ராஸ், பெங்களூரு ஐஐஎஸ்சி போன்ற இடங்களின் நானோ ஆய்வகங்களை வெளி மாணவர்களுக்குத் திறந்துவிடும் ஐஎன்யுபி என்ற மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது, அதன் குறுகிய பயிற்சிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். "மூன்றே மாதத்தில் சிப் டிசைன், நூறு சதவீத வேலை" என்று வாட்ஸாப்பில் வரும் நோட்டீஸுக்கு மட்டும் பணம் கட்டிவிடாதீர்கள். என்னிடம் அழுதுகொண்டு வருகிற பெற்றோரில் பாதிப் பேர் அங்கே கட்டிவிட்டு வருகிறவர்கள்தான்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். இசிஇ பிள்ளைகள் அரியர் வைப்பதற்கென்றே இருக்கிற மாதிரி ஒரு பேப்பர் உண்டு, மின்காந்தப் புலம். அதை அவள் ரசித்துப் படித்தாளா என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு பேப்பரும் பேனாவும் கொடுத்து, பரப்பைப் பாதியாக்கினால் ஏன் ஃபில்டர் கெடுகிறது என்று உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். நீங்கள் எட்டாவது வரைதான் படித்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவே நல்லது. உங்களுக்குப் புரிகிற மாதிரி அவள் சொல்லிவிட்டால் கேட் விண்ணப்பத்தைப் போடச் சொல்லுங்கள். மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம், மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். பேச்சு முழுக்க அமெரிக்கச் சம்பளமாகவே இருந்தால் அவளை ஒருநாள் என்னிடம் அழைத்து வாருங்கள்.